ராப்பார்ட்டுக்கு ஒரு பட்டியல்

(ஓவிய மாணவர்களும் பழைய அச்சுப் படங்களில் ஈடுபாடு கொண்டவர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வான்கோவின் கடிதங்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் உங்களில் பாதிப் பேர் அறுபட்ட காதையும், மீதிப் பேர் சூரியகாந்தியையும் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இரண்டும் இன்று கிடையாது. அவருடைய கடிதங்களைப் படிக்கிறவர்கள் வழக்கமாகத் தாவிச் செல்லும் பக்கங்கள் சில உண்டு. 1882, 1883 ஆண்டுகளில் எழுதியவை. அவற்றில் வெறும் பெயர்கள்தான் இருக்கும். ஹெர்கோமர், ஃபில்ட்ஸ், ஃபிராங்க் ஹோல், ஸ்மால், பின்வெல், வாக்கர், ரெனுவார், லான்சோன் என்று ஓவியர்களின் பெயர்கள். பக்கத்தில் படத்தின் தலைப்பு. சில இடங்களில் அது பெரிய தாளா சிறிய தாளா என்ற குறிப்பு. வான்கோவின் மனத்துயரத்தைத் தேடி வந்த வாசகர் இங்கே வந்ததும் சலித்துப்போய் நான்கு பக்கம் தள்ளிவிடுவார். அந்த நான்கு பக்கங்களுக்காகத்தான் இந்த மாலை நேரத்தை உங்களிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

என் கட்சி இதுதான்: வான்கோ ஓவியம் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் எது என்று கேட்டால் இந்தப் பட்டியல்களைத்தான் காட்ட வேண்டும். பத்திரிகையிலிருந்து கத்தரித்த படம் ஒவ்வொன்றையும் யார் வரைந்தது, யார் செதுக்கியது, எந்த வரிசையில் வைப்பது என்று ஒரு நண்பருக்கு எழுதி எழுதியே அவர் கண் பழகியது.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். வின்சென்ட் 1853இல் பிறந்தவர். பதினாறு வயதில், 1869இல், தி ஹேக் நகரில் கூப்பில் என்ற கலைப்பொருள் வணிக நிறுவனத்தின் கிளையில் வேலைக்குச் சேர்ந்தார். ஓவியங்களின் அச்சு நகல்களையும் புகைப்பட நகல்களையும் விற்பது அந்த நிறுவனத்தின் பெரிய வியாபாரம். ஆக, அச்சுப் படத்தைக் கையில் எடுத்துப் புரட்டி, தாளையும் மையையும் பார்த்துத் தரம் சொல்வது அவருக்கு இளமையிலேயே தொழிலாகப் பழகிவிட்ட ஒன்று. 1873இல் லண்டன் கிளைக்கு அனுப்பினார்கள். அங்கே ‘கிராஃபிக்’, ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ ஆகிய பத்திரிகைகளின் அச்சகக் கண்ணாடி அலமாரி முன்னால் வாராவாரம் போய் நின்று, புதிய இதழின் படங்களைப் பார்த்ததைப் பத்து ஆண்டுகள் கழித்தும் நினைவு வைத்து எழுதுகிறார். 1876இல் அந்த வேலை போயிற்று. ஆசிரியர் வேலை, புத்தகக் கடை, மதபோதகம் என்று பலவற்றிலும் தோற்று, 1880இல்தான் ஓவியர் ஆவதென்று முடிவெடுத்தார்.

அந்த ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரில் அறிமுகமானவர் அந்தோன் வான் ராப்பார்ட். வின்சென்டைவிட ஐந்து வயது இளையவர், பிரபுக் குடும்பத்துப் பிள்ளை, முறையாக ஓவியம் படித்தவர். இவர் கையில் காசில்லை, அவர் கையில் இருந்தது. இவருக்குப் பொறுமை இல்லை, அவருக்கு இருந்தது. இருவருக்கும் பொதுவாக இருந்தது பத்திரிகைப் படம் சேர்க்கும் பித்து. வின்சென்ட் 1881 கடைசியில் தி ஹேக்கில் குடியேறி, 1883 செப்டம்பர் வரை அங்கே இருந்தார். அந்தக் காலத்தில் ராப்பார்ட்டுக்கு எழுதிய கடிதங்களில் பெரும் பங்கை இந்தப் பித்து பிடித்துக்கொள்கிறது.

இனி படங்களுக்கு வருவோம். இங்கே சற்று நிதானமாகப் போக வேண்டும். மாணவர்கள் பலருக்கு மரச்செதுக்கு என்றால் பலகையின் நீளவாக்கில் கத்தியால் வெட்டும் பழைய முறைதான் தெரிந்திருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பத்திரிகைகள் பயன்படுத்தியது வேறு. பாக்ஸ்வுட் எனும் மிக இறுகலான மரத்தைக் குறுக்காக அறுத்து, அந்த அறுத்த முகத்தை வழவழப்பாகத் தேய்த்து, செம்புத் தகட்டில் வேலை செய்கிறவர்களின் நுண்ணுளியால் அதன்மேல் செதுக்குவார்கள். தாமஸ் பியூயிக் என்ற ஆங்கிலேயர் வளர்த்தெடுத்த முறை இது. உளி போன இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. கட்டை ஈய எழுத்துகளின் உயரத்திலேயே இருப்பதால் செய்தியோடு சேர்த்து ஒரே அச்சில் ஓட்டிவிடலாம். செம்புத் தகட்டில் இந்த வசதி கிடையாது. 1842இல் தொடங்கிய ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ இந்த ஒரு வசதியின் மேல்தான் எழுந்து நின்றது.

ஆனால் பாக்ஸ்வுட் மரம் பெருக்காது. அடிமரமே ஒரு சாண் விட்டம் இருந்தால் அதிகம். பத்திரிகையின் முழுப் பக்கத்துக்கு ஒரே கட்டை கிடைக்காது. சிறிய சதுரக் கட்டைகளைப் பின்னால் திருகாணி போட்டு இறுக்கி ஒரே பரப்பாக்குவார்கள். ஓவியர் அதன்மேல் வெள்ளை பூசி நேரடியாக வரைவார். பிறகு திருகாணியைக் கழற்றி, ஆளுக்கொரு துண்டாகச் செதுக்குகிறவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். ஒருவருக்கு வானம், ஒருவருக்குக் கூட்டம், கைதேர்ந்தவருக்கு முகங்கள். இரவோடு இரவாக முடித்து மறுபடி இறுக்கி அச்சுக்கு அனுப்புவார்கள். பழைய இதழ் எதையாவது எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். படத்தின் குறுக்கே மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு நேராக ஓடும். அது கட்டைகள் சேர்ந்த மூட்டு.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஓவியர் கட்டைமேல் வரைந்த கோடுகள் உளி படப்பட அழிந்துபோகும். மூலம் என்று எதுவும் மிஞ்சாது. பிற்காலத்தில் புகைப்பட முறையில் படத்தைக் கட்டைக்கு மாற்றத் தொடங்கியபிறகுதான் மூல ஓவியங்கள் தப்பின. ஆகவே அச்சில் நாம் பார்ப்பது யாருடைய கை? மூலையில் பொதுவாக இரண்டு ஒப்பங்கள் இருக்கும். ஒன்று வரைந்தவருடையது. பலர் முதலெழுத்துகளை மட்டும் பின்னிப் போடுவார்கள். மற்றது செதுக்கியவருடையது, பெயருக்குப் பின்னால் ‘செதுக்கினார்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் சுருக்கம் நிற்கும். அந்த இரண்டாவது பெயரும் பல சமயம் பட்டறை முதலாளியின் பெயர்தான். ஸ்வெய்ன், டால்சியேல் சகோதரர்கள் என்று ஒப்பம் இருக்கும் படங்களில் உண்மையில் உளி பிடித்தவர்கள் பெயர் தெரியாத கூலிக்காரர்கள். சில படங்களில் இரண்டு ஒப்பமுமே கிடையாது.

வின்சென்டும் ராப்பார்ட்டும் தலையைப் பிய்த்துக்கொண்ட சிக்கல் இதுதான். ஒப்பமில்லாத படம் ஒன்று கையில் இருக்கிறது. கோடு போடும் விதத்தை வைத்து இது ஸ்மாலா, கிரீனா என்று சொல்ல வேண்டும். ஆனால் கோடு செதுக்கியவர் வழியாகத்தான் நம்மிடம் வந்திருக்கிறது. செதுக்கியவரின் பழக்கத்தை மனத்துக்குள் கழித்துவிட்டு, அதற்குப் பின்னால் நிற்கும் ஓவியரைப் பார்க்க வேண்டும். இதைச் செய்கிறவருக்கு உடலமைப்பு நூல் எதுவும் தராத ஒரு கூர்மை வருகிறது. ஒரு தோள் எங்கே திரும்புகிறது, நிழலுக்கு எத்தனை கோடு, கோடு எங்கே நிற்கிறது என்பதை அவர் எண்ணிக்கொண்டே இருக்கிறார்.

சேகரிப்பு எப்படித் தொடங்கியது தெரியுமா? 1882 ஜனவரியில் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு சிறுவனின் கும்மாளத்தோடு சொல்கிறார். பிளோக் என்ற பழைய புத்தக வியாபாரியிடம் ‘கிராஃபிக்’, ‘லண்டன் நியூஸ்’ இதழ்கள் குவியலாகக் கிடந்தனவாம். அதில் சிறந்தவற்றைப் பொறுக்கி ஐந்து கில்டருக்கு வாங்கிவிட்டாராம். லூக் ஃபில்ட்ஸின் ‘வீடற்றோரும் பசித்தோரும்’ அதில் இருந்தது. இரவு தங்கும் விடுதியின் வாசலில் சுவரோரம் காத்துக் கிடக்கும் ஏழைகளின் படம். 1869 டிசம்பரில் ‘கிராஃபிக்’ முதல் இதழில் வந்தது. ஹெர்கோமரின் முதிய போர்வீரர்கள், ஃபிராங்க் ஹோலின் அயர்லாந்துப் புலம்பெயர்வோர், வாக்கரின் ‘பழைய வாயில்’ எல்லாம் கிடைத்தன. இந்த பிளோக்கை அதே ஆண்டில் வின்சென்ட் வரைந்தும் இருக்கிறார். பழைய புத்தகக்காரரை வரைந்துவைத்த வாடிக்கையாளர்கள் உலகில் அதிகம் இருக்க மாட்டார்கள்.

அந்தக் கடிதத்திலேயே ஒரு வரி கவனிக்கத்தக்கது. வாங்கியவற்றில் சில, நகல் தகட்டிலிருந்து எடுத்தவை அல்ல, கட்டையிலிருந்தே நேரடியாக எடுத்தவை என்று அழுத்திச் சொல்கிறார். லட்சக்கணக்கில் ஓடும் பத்திரிகைக்கு மரக்கட்டையையே அச்சில் ஏற்றினால் தேய்ந்து, மூட்டு விட்டுப்போகும். அதனால் கட்டையிலிருந்து அச்சு வார்த்து, மின்முலாம் முறையில் செம்பு நகல் எடுத்து அதைத்தான் ஓட்டினார்கள். நகலில் மெல்லிய கோடுகள் கொஞ்சம் தடித்துப்போகும், இருட்டுப் பகுதிகள் அப்பிக்கொள்ளும். ‘கிராஃபிக்’ நிறுவனம் தன் சிறந்த படங்களைக் கட்டையிலிருந்தே நல்ல தாளில் எடுத்துத் தனித் தொகுப்பாகவும் விற்றது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொன்னபோது அவர் ஓவியராகி ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. கூப்பிலில் விற்பனைப் பையனாக நின்ற காலம் வீண்போகவில்லை.

இப்போது அந்தப் பட்டியல். 1882இல் எழுதிய ஒரு கடிதத்தில் தன்னிடம் உள்ள அட்டைக்கோப்புகளின் தலைப்புகளை வரிசையாக எழுதுகிறார். அயர்லாந்து மக்கள், சுரங்கத் தொழிலாளர், ஆலைகள், மீனவர்கள் ஒரு கோப்பு. நிலக்காட்சியும் விலங்குகளும் ஒன்று. வயல் வேலைகள் ஒன்று. அதில் மில்லேயோடு ஆங்கிலேயர்களும் உண்டு. லான்சோனுக்குத் தனிக் கோப்பு. கவார்னிக்கு ஒன்று, மோரனுக்கு ஒன்று, தோரேக்கு ஒன்று. ‘பஞ்ச்’ பத்திரிகையின் து மோரியேவுக்கு ஒன்று, கீனும் சாம்போர்னும் சேர்ந்து ஒன்று, டென்னியலுக்கு ஒன்று. ‘மக்களின் முகங்கள்’ என்று ஒரு கோப்பு. ‘கிராஃபிக்’ வெளியிட்ட அந்த வரிசையோடு வேறு ஓவியர்களின் முகச்சித்திரங்களும் அதில் சேர்ந்திருக்கின்றன. லண்டன் வாழ்க்கை என்று ஒன்று: அபினிக் குகையிலிருந்து சீமாட்டிகள் உலவும் பூங்கா வரை, பாரிஸ், நியூயார்க் காட்சிகளையும் துணைக்குச் சேர்த்து. இவற்றோடு, பெரிய தாள்கள் ஒரு கோப்பு.

நூலகர் யாராவது இந்த அவையில் இருந்தால் இந்நேரம் நெற்றியைச் சுருக்கியிருப்பார். இது என்ன முறை? சில கோப்புகள் பொருளை வைத்து, சில ஓவியர் பெயரை வைத்து, ஒன்று தாளின் அளவை வைத்து. ஹெர்கோமரின் படம் வயல் வேலையிலும் இருக்கும், முகங்களிலும் இருக்கும், பெரிய தாளிலும் இருக்கும். ஒரே படத்தைத் தேட மூன்று கோப்பைப் பிரிக்க வேண்டும். அட்டவணை என்ற வகையில் இது ஓட்டைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாருக்குத் தனிக் கோப்பு கிடைத்தது, யார் பொதுக் கோப்பில் கலந்தார்கள் என்று பாருங்கள். கோட்டிலேயே அடையாளம் தெரிகிற ஓவியருக்குத் தனிக் கோப்பு. மற்றவர்கள் வரைந்த பொருளுக்குப் பின்னால் நிற்கிறார்கள். தனக்கு அடுத்து எது தேவைப்படும் என்று நினைக்கும் ஓவியனின் அடுக்கு இது. சுரங்கத் தொழிலாளியை வரைய உட்காரும்போது ஒரே கோப்பில் எல்லாரும் கிடைக்க வேண்டும். பேனாக் கோட்டைப் படிக்க உட்காரும்போது மோரன் மட்டும் கிடைக்க வேண்டும்.

இந்தப் பெயர் வரிசையில் ஒருவர் நம் ஊர்ப் பக்கத்துக்காரர். ஆர்தர் பாய்ட் ஹௌட்டன் என்ற பெயர் கடிதங்களில் வருகிறது. ‘கிராஃபிக்’ தொடக்க ஆண்டுகளில் அமெரிக்கா சென்று வரைந்து அனுப்பியவர். 1836இல் நீலகிரியில், கோத்தகிரியில் பிறந்தார். தகப்பனார் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படையில் இருந்தவர். குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் இங்கிலாந்து திரும்பிவிட்டது. சிறு வயதில் ஒரு கண்ணின் பார்வையும் போய்விட்டது. கோத்தகிரியில் அவர் பேர் சொல்ல ஒரு கல்கூட இருப்பதாகத் தெரியவில்லை. ஒற்றைக் கண்ணோடு கட்டைமேல் வரைந்த அவருடைய கறுப்பு வெள்ளைத் தாள்களை வின்சென்ட் மிக உயர்வாக மதித்தார். 1875இல் ஹௌட்டன் இறந்தபோது வயது நாற்பதுகூட நிறையவில்லை. வின்சென்ட் அவர் படங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் ஏற்கெனவே மறக்கப்பட்டவர்.

‘பழைய’ அச்சுப் படம் என்று நாம் சொல்வதையும் இங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும். வின்சென்ட் தேடியவை அன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு வயதானவை. நூற்றாண்டுப் பழமை எதுவும் இல்லை. ஆனால் வாரப் பத்திரிகைக்கு அடுத்த சனிக்கிழமையே மரணம். பத்து ஆண்டு என்பது அதன் கணக்கில் ஒரு யுகம். ஹெர்கோமர் 1882இல் ஒரு கலை இதழில் மரச்செதுக்கு பற்றி எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு வின்சென்ட் பரபரப்போடு ராப்பார்ட்டுக்கு எழுதுகிறார். அந்த முதல் ஆண்டுகளின் உழைப்பும் நேர்மையும் பத்திரிகைகளிலிருந்து போய்விட்டன என்பது ஹெர்கோமரின் குறை. வின்சென்ட் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. 1880க்குப் பிறகும் நல்ல தாள்கள் வந்தன. ரெனுவாரே அதற்குச் சாட்சி. ஆனால் தான் சேர்ப்பது அழிந்துகொண்டிருக்கும் ஒன்று என்ற எண்ணம் இல்லாமல் யாரும் இவ்வளவு வெறியோடு சேர்ப்பதில்லை.

1883 ஜனவரியில் பெரிய வேட்டை கிடைத்தது. ‘கிராஃபிக்’ 1870 முதல் 1880 வரை, பைண்டு செய்த இருபத்தொரு தொகுதிகள். ஒரு தொகுதி ஒரு கில்டர். தம்பி அனுப்பும் பணத்தில் சியன் என்ற பெண்ணையும் அவள் இரண்டு குழந்தைகளையும் சேர்த்து நான்கு பேரின் வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தவர், இருபத்தொரு கில்டரைப் பழைய தாளுக்குக் கொடுத்தார். குடும்பத் தலைவன் என்ற முறையில் இது மன்னிக்க முடியாத செலவு. தொகுதிகள் வந்த பிறகு நள்ளிரவு தாண்டியும் புரட்டிக்கொண்டிருந்ததாக எழுதுகிறார்.

வந்ததும் ஒரு தர்மசங்கடம். பைண்டைப் பிரிப்பதா வேண்டாமா? பிரித்துத் தனித்தனியாக அட்டையில் ஒட்டினால் படம் நன்றாகத் தெரியும், ஓவியர் வாரியாக அடுக்கலாம். பிரித்தால் பின்பக்கத்துச் செய்தி சிதைந்துவிடும். எப்போது வந்தது, எதைப் பற்றியது என்று பார்த்துக்கொள்ள வழியில்லாமல் போகும். வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்தெடுத்துப் பைண்டு செய்துவைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரிந்ததுதான்: கதைக்காகக் கிழித்தோம், விளம்பரமும் தேதியும் குப்பைக்குப் போயின, இன்று மணியம் வரைந்த ஒரு படத்தைப் பார்த்து இது எந்த ஆண்டு இதழ் என்று மோட்டுவளையைப் பார்க்கிறோம். வின்சென்ட் யோசித்தார், ராப்பார்ட்டோடு வாதித்தார், கடைசியில் கத்தரித்தார். ஆவணக் காப்பாளர் என்ற கண்ணால் பார்த்தால் இது குற்றம். ஓவியன் என்ற கண்ணால் பார்த்தால் வேறு வழியில்லை. அவர் கத்தரித்துத் தடித்த தாளில் ஒட்டிய படங்கள் ஆயிரத்துக்கு மேல் ஆம்ஸ்டர்டாமில் வான்கோ அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன.

இருபத்தொரு தொகுதி வந்ததில் இன்னொரு நன்மையும் விளைந்தது. முன்பே உதிரியாகச் சேர்த்தவற்றில் பல இப்போது இரட்டையாகிவிட்டன. உபரிப் பிரதிகளை ராப்பார்ட்டுக்குத் தரலாம். அதற்குத்தான் பட்டியல்: என்னிடம் இது இரண்டு இருக்கிறது, உம்மிடம் உண்டா? உம்மிடம் அது இருந்தால் விவரம் எழுதும். ராப்பார்ட் அந்தக் குளிர்காலத்தில் உடல்நலமின்றிக் கிடந்தார். நோயாளிக்கு ஆறுதல் எழுத வேண்டிய இடத்தில் வின்சென்ட் பக்கம் பக்கமாகப் பெயர்களை எழுதினார். படுக்கையில் கிடக்கும் படம் சேர்ப்பவனுக்கு வேறென்ன ஆறுதல் வேண்டும், சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். இவர்கள் காலத்தில் படத்தை நகலெடுத்துக் கடிதத்தோடு இணைக்க வழியில்லை. ஒரு படத்தைச் சுட்ட வேண்டுமென்றால் சொல்லால்தான் சுட்ட வேண்டும். தலைப்பு ஞாபகமிருந்தால் தலைப்பு. இல்லையென்றால், சுவரோரம் ஏழைகள் காத்திருக்கும் படம், சிறுமிகளின் பள்ளிக்கூடப் படம், குப்பை சலிக்கும் பெண்களின் படம் என்று காட்சியைச் சொல்ல வேண்டும். டச்சு மொழியில் எழுதிக்கொண்டே போய் நடுவில் ஆங்கிலத் தலைப்பு, பிரெஞ்சு அடைமொழி எல்லாம் கலந்து எழுதுவார். பல தலைப்புகள் அச்சில் இருந்தபடி இல்லை; தன் நினைவில் இருந்தபடி. 2009இல் வெளியான கடிதங்களின் முழுப் பதிப்புக்கு மூன்று ஆய்வாளர்கள் பொறுப்பேற்றார்கள்: லியோ யான்சன், ஹான்ஸ் லெய்ட்டன், நீன்க பாக்கர். அவர்கள் வின்சென்டின் இந்த அரைகுறை விவரிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, எந்த இதழ், எந்தத் தேதி, எந்தப் பக்கம் என்று தேடிப் பிடித்திருக்கிறார்கள். மொத்தம் 902 கடிதங்கள் கொண்ட பதிப்பு அது. மேதையின் மனநிலையைப் பற்றிப் புத்தகம் எழுதுவதைவிட இந்த வேலை கடினம் என்பது என் எண்ணம், புகழும் குறைவு.

அவர்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. வின்சென்ட் எழுதிய கடிதங்களை ராப்பார்ட் பத்திரமாக வைத்திருந்தார். ஐம்பதுக்கு மேல் மிஞ்சியிருக்கின்றன. ராப்பார்ட் எழுதியவற்றை வின்சென்ட் அப்படி வைக்கவில்லை. ஆகவே பாதி உரையாடல்தான் நம்மிடம் இருக்கிறது. ராப்பார்ட்டிடம் என்னென்ன படங்கள் இருந்தன என்பதை வின்சென்டின் பதிலிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. உம்மிடம் அது கிடைத்ததில் மகிழ்ச்சி என்று இவர் எழுதினால், அங்கே அது இருந்தது என்று குறித்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் அவருடைய தூரிகைக்கு என்ன செய்தது? 1882 இலையுதிர்காலத்தில் அவருக்கு ஒரு மாடல் கிடைத்தார். அட்ரியானஸ் சௌடர்லாண்ட் என்ற முதியவர். முதியோர் அறச்சாலையில் இருந்தவர், கோட்டுக் கையில் 199 என்ற எண்ணைத் தாங்கியவர். அவரை வின்சென்ட் திரும்பத் திரும்ப வரைந்தார். குடையோடு, தொப்பியோடு, கோப்பையோடு, கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கைகளிலும் புதைத்தபடி. ஹெர்கோமரின் முதிய போர்வீரர்களையும் ‘மக்களின் முகங்கள்’ வரிசையில் ரிட்லி வரைந்த சுரங்கத் தொழிலாளியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தத் தடித்த கறுப்பும், பின்னணியே இல்லாமல் ஆள் மட்டும் தாளை அடைத்து நிற்பதும் எங்கிருந்து வந்தன என்பது விளங்கும். பென்சிலால் வரைந்துவிட்டு அதன்மேல் லித்தோ கிரேயானும் அச்சு மையும் போட்டு இழைத்தார். கண்ணில் பட்டதைப் போல் வரைந்ததோடு நிற்காமல், அது அச்சில் எப்படி விழும் என்பதையும் சேர்த்தே வரைந்தார். அவருக்கு அப்போது இருந்த ஆசை இங்கிலாந்து சென்று ஒரு படப் பத்திரிகையில் வேலை பார்ப்பது.

அந்த நவம்பரில் தி ஹேக்கில் ஸ்மல்டர்ஸ் என்பவரின் அச்சகத்தில் சில லித்தோ படங்களை எடுத்தார். முகம் புதைத்த முதியவர் அதில் ஒன்று. அச்சகத்துத் தொழிலாளிகள் கல்லில் இருந்த ஒரு முதியவர் படத்தைப் பார்த்துவிட்டு, சுவரில் மாட்ட ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டார்களாம். வின்சென்ட் வாழ்நாளில் பெற்ற பாராட்டுகளில் இதற்கு மேல் எதையும் என்னால் வைக்க முடியவில்லை. தொழிலாளியின் வீட்டுச் சுவருக்குப் போகிற, விலை மலிவான, நல்ல அச்சுப் படம் என்பதுதான் ராப்பார்ட்டோடு அவர் நடத்திய மொத்த உரையாடலின் அடியில் ஓடிய கனவு.

நட்பு முறிந்ததும் ஒரு அச்சுப் படத்தால்தான். 1885இல் ‘உருளைக்கிழங்கு தின்போர்’ ஓவியத்தை வின்சென்ட் கல்லச்சில் எடுத்து ராப்பார்ட்டுக்கு அனுப்பினார். மே மாதம் பதில் வந்தது. கடுமையான பதில். அந்த மனிதனுக்கு முழங்கால் எங்கே, வயிறு எங்கே, கை ஏன் இவ்வளவு குட்டையாக இருக்கிறது, மூக்கில் பாதி எங்கே போயிற்று என்று ஒவ்வோர் உறுப்பாகக் கேட்டிருந்தார். ஹோலையும் ஹெர்கோமரையும் வைத்து இருவரும் சேர்ந்து தீட்டிய அதே அளவுகோலை நண்பர் இப்போது இவர் படத்தின்மேல் வைத்துப் பார்த்தார். வின்சென்ட் கடிதத்தை உடனே திருப்பி அனுப்பிவிட்டார். பிறகும் சில மாதம் வாதம் நீண்டது. அந்த ஆண்டின் இலையுதிர்காலத்துக்குள் கடிதப் போக்குவரத்தே நின்றுபோனது.

ராப்பார்ட்டின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அந்த லித்தோ அவசரத்தில் நினைவிலிருந்து கல்லில் வரைந்தது. அச்சில் இடவலம் மாறியும் விழுந்தது. ஆனால் முறையான உடலமைப்பை விட்டு விலகிப் போகத் தொடங்கிய ஓர் ஓவியனை, முன்பு இருவரும் ஒப்புக்கொண்ட அளவுகோலால் அளக்க முடியாது என்பதை அவர் பார்க்கவில்லை. 1890இல் வின்சென்ட் இறந்தபோது ராப்பார்ட் அவருடைய தாயாருக்கு அனுதாபக் கடிதம் எழுதினார். இரண்டே ஆண்டில், முப்பத்து மூன்று வயதில், அவரும் போய்ச் சேர்ந்தார்.

பட்டியலில் இருந்த படங்கள் மட்டும் வின்சென்டை விடவில்லை. டிக்கன்ஸ் இறந்தபின் அவருடைய எழுத்தறையில் காலியாகக் கிடந்த நாற்காலியை ஃபில்ட்ஸ் வரைந்தார், ‘கிராஃபிக்’ வெளியிட்டது. அந்தப் படத்தைப் பற்றி 1882 டிசம்பரில் தியோவுக்கு எழுதியிருக்கிறார். ஆறு ஆண்டு கழித்து ஆர்ல் நகரில் அவர் வரைந்த இரண்டு வெற்று நாற்காலிகளை அதோடு சேர்த்துப் பார்க்காத ஆய்வாளர் குறைவு. 1890 பிப்ரவரியில், சான் ரெமி மனநலக் காப்பகத்தில், குஸ்தாவ் தோரே வரைந்த லண்டன் சிறைமுற்றத்தின் அச்சுப் படத்தை எடுத்துவைத்துக்கொண்டு வண்ணத்தில் எழுதினார். அதே ஆண்டு மே மாதத்தில் சௌடர்லாண்டின் பழைய லித்தோவை வைத்து அந்த முகம் புதைத்த முதியவரை நீலச் சட்டையில் வரைந்தார். தோரேக்குத் தனிக் கோப்பு கொடுத்திருந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்துவிட்டு அமர்கிறேன். வின்சென்டின் கடிதங்கள் முழுவதும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் குறிப்புகளோடும் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. 1882 செப்டம்பரிலிருந்து 1883 இளவேனில் வரை ராப்பார்ட்டுக்கு எழுதியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு படத்தை விவரிக்கும் இடம் வந்ததும் நிறுத்துங்கள். அடிக்குறிப்பைத் திறக்காதீர்கள். அவர் சொல்வதை மட்டும் வைத்து அந்தப் படம் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு தாளில் வரையுங்கள்: ஆட்கள் எங்கே, வெளிச்சம் எந்தப் பக்கம், முன்னால் நிற்பது யார். பிறகு குறிப்பைத் திறந்து உண்மையான படத்தைப் பக்கத்தில் வையுங்கள். அவர் சொல்லாமல் விட்டது எது என்று பாருங்கள், சொன்னதில் படத்தில் இல்லாதது எது என்றும் பாருங்கள். இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில்களைக் கொண்டுவாருங்கள், அடுத்த முறை அவற்றைப் பற்றிப் பேசலாம்.